படம் வருமுன் வந்த பதில்

1. அட்டையும் பெஞ்சும்

பதுளை பஜாரில் ஒரு கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாகக் கண் பார்க்கிறேன். உடனே டொக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். பார்வையை அளந்து, லென்ஸ் நம்பர் எழுதி, ஃபிரேமை மூக்கில் சரியாக உட்கார வைப்பதுதான் என் வேலை. தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு நான் "மிஸ்". முதுகுவலி, மருமகள், லயத்து வீட்டுக் கூரை ஒழுகுவது எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கண்ணுக்கு வருவார்கள். கேட்டுக் கேட்டே நான் பாதி ஓய்ந்துவிட்டேன். மீதிப் பாதிதான் இப்போது வேலைக்குப் போகிறது.

கடை ஒடுக்கமாக நீண்டு கிடக்கும். ஒரு முனைச் சுவரில் E அட்டை, மறுமுனையில் நாற்காலி, நாற்காலியை ஒட்டியே காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. E அட்டை என்பது எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வைத்திருப்பது. ஒரே எழுத்துதான், மேல் வரியில் பெரிதாகத் தொடங்கி வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கும். அதன் மூன்று கால்களும் எந்தப் பக்கம் நீட்டுகின்றன என்று சொன்னால் போதும். மேல, கீழ, வலது, இடது. அவ்வளவுதான் பாஷை.

அந்தப் பெஞ்சுதான் எனக்குச் சத்துரு. முன்னால் போன ஆள் சொல்வதைக் கேட்டு, உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் பாடமாக்கிவிடுவார்கள். கண் சோதனை என்றாலும் சோதனை சோதனைதானே, அதில் தோற்கக் கூடாது என்று நினைப்பார்கள். ஒருமுறை ஒரு அம்மா நாற்காலியில் என்னைப் பார்த்து உட்கார்ந்தபடியே கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார்.

"எல்லாம் சரிங்களா மிஸ்?"

"சரிங்கம்மா. இப்ப அந்தப் பக்கம் திரும்பி அட்டையப் பாத்துச் சொல்லுங்க."

"அந்தப் பக்கம் அட்டை வேற இருக்குங்களா?" என்றார்.

சிரித்தேன்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு நான் என்ன நம்பர் எழுதுவது? படத்தை மாற்றி மாற்றிக் காட்டும் மெஷின் ஒன்று வாங்கித் தரும்படி முதலாளியிடம் கேட்டேன். அவர் பஜாரில் பழம் தின்று கொட்டை போட்ட ஹாஜியார். "அதுட வெலயக் கேட்டு எனக்கே கண்ணு இருட்டிட்டு புள்ள. அட்ட இன்னும் கிழியல்ல தானே? கெடக்கட்டும்," என்று முடித்துவிட்டார்.

2. நாலு பெட்டி

பள்ளிக்கூடம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், டவுனில் ஒரு கம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன். அங்கே பேசிக் என்ற கம்பியூட்டர் மொழி சொல்லிக் கொடுத்தார்கள். படிப்பித்த சேர், கணக்கு சம்பந்தமான புரோகிராம்களை விழுந்து விழுந்து படிப்பித்தார். கடைசியில் படம் வரைகிற பாடம் ஒன்று இருந்தது. "இது சோதனைக்கு வராது" என்று புரட்டிவிட்டார். நான் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டேன். லைன் என்று எழுதி எங்கிருந்து எங்கே என்று நம்பர் கொடுத்தால் கோடு. சேர்க்கிள் என்றால் வட்டம். பெயிண்ட் என்றால் உள்ளே நிறம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒருவரை வாழ்க்கையில் முதல்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

அன்றிலிருந்து விடவில்லை. உலகம் வேறு எங்கேயோ போய்விட்டது, நான் பேசிக்கிலேயே நிற்கிறேன். வேலை முடிந்து வந்து, புள்ளி புள்ளியாக மூடுபனி வரைவேன். தேயிலை மலைக்குக் கோடு போடுவேன். ஒரு லொறி வரைந்தேன், அதன் சக்கரம் மட்டும் இன்றுவரை ஒழுங்காகச் சுற்றவில்லை. தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "இதால என்னக்கா வரப்போகுது?" என்பாள். "மழை வரப்போகுது, பாரு," என்று ஒரு விசையைத் தட்டுவேன். திரையில் மழை பெய்யும். அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவாள்.

ஒருநாள் அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது, E என்பது என்ன பெரிய விஷயம்? நிற்கிற பெட்டி ஒன்று, படுக்கிற பெட்டி மூன்று. மொத்தம் நாலு பெட்டி. திருப்பிப் போட்டால் நாலு பக்கம். எந்தப் பக்கம் என்பதை ரேண்டம் முடிவு செய்யட்டும். ரேண்டம் என்றால், தாயக்கட்டை உருட்டுவது போல கம்பியூட்டரே ஒரு நம்பரைப் போட்டுத் தருவது. அடுத்த வாரமே முதலாளியின் மகன் கழித்துப் போட்ட லேப்டாப்பை அட்டை இருந்த இடத்தில் வைத்து, என் பக்கம் ஒரு கீபோர்டை இழுத்துக்கொண்டேன். விசையைத் தட்டினால் ஒரு E வரும். ஆள் சொன்னதும் அடுத்தது, அட்டையின் வரிகளைப் போலவே சிறுத்துக்கொண்டு போகும். ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு வராது. பெஞ்சில் இருந்தவர்கள் பாவம், வாயடைத்துப் போனார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளிக்குத்தான் கவலை. அட்டையைப் பாடமாக்கி வைத்திருந்த டிரைவர்மார் நாலைந்து பேர் தடுமாறியதும், வேறு கடைக்குப் போய்விட்டார்கள். "கண்ணு தெரியாதவன எல்லாம் இப்பிடித் தொரத்தினா, கண்ணாடிய யாருக்குப் புள்ள விக்கிறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

3. சந்தனம் அண்ணன்

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் வேன் சந்தனம் அண்ணனுடையது. அவர் மனைவி பூமணி அக்கா. கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு, வேனில் முன் சீட்டில் கூடவே வருவார். பிள்ளைகளை இறக்கி ஏற்ற ஒரு பெண் துணை இருக்கிறது என்று தோட்டத்து அம்மாமாருக்குத் திருப்தி. பிள்ளைகளை இறக்கிவிட்டு, கண் காட்ட வந்த இரண்டொரு பெண்களையும் எங்கள் கடைக்கு அழைத்து வருவார்கள். நாங்கள் கடை திறக்கும்போது வாசலில் முதலில் நிற்பது அந்த வேன்தான்.

ஒருமுறை வேன் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உரசிவிட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அம்மாமார் கூடிப் பேசி, இன்னும் ஒரு நாள்தான் பொறுப்போம், அதற்குள் கண் ரிப்போர்ட் வராவிட்டால் பிள்ளைகளை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் மறுநாள் காலை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் வந்தார்கள். நான் ஷட்டரை முழுக்கத் தூக்கக்கூட இல்லை.

"மொத ஆளா என்னையப் பாத்துருங்க மிஸ்," என்றார் சந்தனம் அண்ணன்.

பூமணி அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். நான் விசையைத் தட்டினேன். குளிருக்கோ என்னவோ, லேப்டாப் மந்தமாக இருந்தது. திரை வெறுமையாக நின்றது.

"கீழ," என்றார்.

அதற்குப் பிறகுதான் E வந்தது. கால்கள் கீழே பார்த்தன.

எனக்குத்தான் கண் பிசகிவிட்டது என்று நினைத்து, அடுத்ததைத் தட்டினேன். "வலது," என்றார். அதற்கும் பிறகுதான் படம் விழுந்தது. வலதுதான். மூன்றாவது தடவை விரலை விசையில் வைத்துக்கொண்டு, தட்டாமல் சும்மா இருந்தேன்.

"மேல," என்றார்.

தட்டினேன். மேலே.

"அண்ணே, நான் இன்னும் படமே போடலியே."

பூமணி அக்கா தலையைக் குனிந்துகொண்டார். சந்தனம் அண்ணன்தான் சொன்னார். "ஒளிச்சு என்ன மிஸ் ஆகப்போகுது. காலையில மொத ஆளுக்கு எப்பவும் ஒரே மாதிரிதான் வருது. இவ ஆளுங்களக் கூட்டிகிட்டு வந்து எத்தன தரம் இந்தப் பெஞ்சில ஒக்காந்திருக்கா. பாடமாக்கி எனக்குச் சொல்லிக் குடுத்தா."

எழுந்து போய் புரோகிராமைத் திறந்தேன். அவர் சொன்னது சரி. பேசிக்கில் ரேண்டம் என்பது உண்மையில் தாயக்கட்டை இல்லை. அது முன்கூட்டியே அமைந்த ஒரு நீண்ட வரிசை. கடிகாரத்தைப் பார்த்து எங்காவது ஓரிடத்திலிருந்து தொடங்கு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் முதலிலிருந்தே அதே வரிசையைப் படிக்கும். அந்தக் கட்டளை 'ரேண்டமைஸ் டைமர்' என்று ஒரே ஒரு வரி. நான் அதை எழுதவில்லை. பதில் சரியா பிழையா என்றே பார்த்துக்கொண்டிருந்ததால், வரிசை திரும்ப வருவது என் கண்ணில் படவில்லை. பெஞ்சில் இருந்த பூமணி அக்காவுக்குப் பட்டிருக்கிறது.

அந்த வரியைச் சேர்த்துவிட்டு, "திரும்ப ஒருக்கா பாப்போம்ண்ணே," என்றேன்.

இரண்டாவது வரி அளவு வரைக்கும் சரியாகச் சொன்னார். மூன்றாவதில், "இடதுங்களா?" என்று என்னையே கேட்டார். டோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாக முற்றியிருந்தது.

4. முன் சீட்டு

"ஆஸ்பத்திரிக்குப் போகலியாண்ணே?"

"போனேன் மிஸ். பேரு எழுதிகிட்டாங்க. கூப்பிடுவாங்களாம். அதுவரைக்கும் வேன நிப்பாட்டினா புள்ளைங்கள வேற வேன்ல சேத்துருவாங்க. அதுக்கப்புறம் கண்ணு வந்து நான் எதப் பாக்குறது?"

கவுண்டரில் இருந்த முதலாளி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "எழுதிக் குடுத்துடு புள்ள. பாவம் மனுசன். எத்தின பேரக் கூட்டிட்டு வாறவன்."

"ஒங்க பேரப்புள்ள அந்த வேன்ல போனா எழுதச் சொல்லுவீங்களா மொதலாளி?"

அவர் ஒரு ஃபிரேமை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"ரோடு எனக்குத் தண்ணிபட்ட பாடு மிஸ்," என்றார் சந்தனம் அண்ணன். "எந்த வளைவுல எந்தப் பக்கம் பள்ளம்னு கேளுங்க, சொல்றேன்."

"ரோடு சரிண்ணே. எதிர்ல வாற லொறி? குறுக்க ஓடுற புள்ள?"

பெஞ்சிலிருந்து பூமணி அக்கா பேசினார்.

"நான் சொல்லுவேன் மிஸ்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"முன் சீட்டுல நான்தானே இருக்கேன். லொறி வந்தா லொறிம்பேன். மாடு வந்தா மாடும்பேன். மண்ணு சரிஞ்சு கெடந்தா, ஒதுங்குங்கம்பேன். பனி எறங்கிட்டா எனக்கும் தெரியாது. அப்ப கண்ணாடியில மூக்கு இடிக்கிற மாதிரி குனிஞ்சு பாப்பேன். முருகன் புண்ணியத்துல இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல."

"புள்ளைங்களுக்குக் கேக்காதாக்கா?"

"பாட்டச் சத்தமா போட்டுருவாரு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு வேன் நிறையப் பிள்ளைகள், மலை ரோடு, சத்தமாக ஒரு பாட்டு, அதற்கு நடுவில் கண் இமைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அந்த அக்காவின் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துக் குழி விழுந்திருந்தது. கோபம் போய் அழுகை வரும் போல இருந்தது. அழாமல் ரிப்போர்ட்டை எழுதினேன். ஒப்பரேஷன் முடியும் வரை வாகனம் ஓட்டப் பார்வை போதாது என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

சந்தனம் அண்ணன் அதை வாங்கி நாலாக மடித்தார். "ஸ்கூல் விட்டா புள்ளைங்க கேட்டுல வந்து நிக்குமே மிஸ். இன்னைக்கு ஒரு தடவ மட்டும் ஓட்டிடுறேன்."

"இன்னைக்கும் வேணாம்ண்ணே."

"அப்ப யாரு ஓட்டுறது?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். வேன் சாவி அவர் மடியில் கிடந்தது. முதலாளிதான் ஃபிரேமை வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார்.

"எங்கட மச்சான் ஒருத்தன் ஊட்டுல சும்மா ஈக்கான். பஸ் ஓட்டினவன். வரச் சொல்றன். எல்லாரும் இப்பிடி மையத்து ஊடு மாதிரி குந்திக்கொண்டு ஈக்காதீங்க," என்று, சாவு வீட்டில் போல உட்கார்ந்திருந்த எங்கள் மூவரையும் சேர்த்து ஏசினார்.

5. கடைசியாக

அன்று வேனை ஓட்டிய முதலாளியின் மச்சான் மறுநாள் கடைக்கு வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தப் பொம்பள முன் சீட்டுல ஏறி ஒக்காந்ததும் 'வலது பக்கம் த்ரீவீல் வருது'ன்னு சொன்னா. 'எனக்கு வெளங்குது தங்கச்சி'ன்னேன். 'தெரியுதுங்களா?'ன்னு கேட்டா. 'நல்லாத் தெரியுது'ன்னேன். அவ்வளவுதான் மிஸ். டவுன் தாண்ட முந்தித் தூங்கிட்டா. புள்ளைங்க போட்ட கூத்துல நானே செவிடாப் போயிட்டேன், அவ அசையல்ல. எல்லாப் புள்ளையும் எறங்கி, புருஷன் ஒலுப்பி எழுப்பினதுக்குப் பொறகும் கண்ணு தொறக்கல்ல. அப்பிடியே கெடக்கட்டும்னு வேன்லயே விட்டுட்டு, நாங்க ரெண்டு பேரும் வெளிய நிண்டுகொண்டு ஈந்தோம்."

இப்போதும் வேனை மச்சான்தான் ஓட்டுகிறார். வருவதைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சந்தனம் அண்ணன் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து வருகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை. பூமணி அக்கா திரும்பவும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு, கொழுந்து பறிக்கப் போய்விட்டார். முன் சீட்டு வேலைக்கு இது எவ்வளவோ தேவலை என்று சொல்லி அனுப்பினார்.

கம்பியூட்டர் படிக்கும் பிள்ளைகள் இதைப் படித்தால், ரேண்டம் எழுதும் இடத்திலெல்லாம் ரேண்டமைஸ் டைமர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். இவ்வளவு வருஷத்தில் பேசிக் எனக்குக் கற்றுக் கொடுத்தது அதுதான்.

வேலை கற்றுக் கொடுத்தது வேறு. ரிப்போர்ட் கேட்டு எந்த டிரைவர் வந்தாலும் நாற்காலியில் உட்கார வைத்து விசையைத் தட்டுகிறேன். மேல, கீழ, வலது, இடது. எல்லாம் சரியாகச் சொன்னாலும் உடனே பேனாவை எடுப்பதில்லை. பெஞ்சில் அவரோடு வந்திருப்பவரைப் பார்த்து, "நீங்க ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?" என்று கேட்கிறேன்.