தரை முப்பத்தேழு டிகிரி

இதெல்லாம் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் நான் வாதாடப் போவதில்லை. குட்டியின் வலது பாதத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். போய்ப் பார்த்தவர்கள் யாரும் திரும்பி வந்து என்னிடம் வாதாடியதில்லை.

வயது நாற்பதைத் தொட்டுவிட்டாலும் அக்காவுக்கு அவள் குட்டிதான். கேக் கடையில் வேலை. விடியுமுன் போய், மதியமே திரும்பிவிடுவாள். அக்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அக்காவின் புருஷன், குட்டிக்கு அத்தான், அந்தக் குளிர்காலம் தொடங்கும்போதுதான் இறந்துபோனார்.

அவர் இருந்தவரை குட்டி அந்த வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. வாசலிலேயே மறித்துக்கொண்டு நிற்பார்.

"உன் கால் இந்தத் தரையில படக் கூடாது. போ."

ஏன் என்று கேட்டால் கதவு முகத்தில் அறையும். கல்யாணமான புதிதில் மச்சினியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய மனுஷன். இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் சிடுமூஞ்சி ஆனார். வேலை முடிந்து வந்தால் ஹாலில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, வெறுங்காலைத் தரையில் பதித்துக்கொள்வார். வேறு யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. அக்காகூட. ஒருநாள் அந்த நாற்காலியிலேயே உயிர் போனது. மாரடைப்பு என்றார்கள்.

அழுவதா, பெருமூச்சு விடுவதா என்று தெரியாமல் நின்ற அக்காவைத் தனியே விட மனமில்லை. குட்டி பையும் மூட்டையுமாக வந்து சேர்ந்தாள்.

குளிர் எலும்புவரை கடிக்கிற ஊர். வீட்டுத் தரைக்கு அடியில் ஹீட்டர் கம்பி ஓடியது. ஒவ்வொரு அறைச் சுவரிலும் அதற்கு ஒரு சின்னப் பெட்டி. வந்த அன்றே ஹாலில் இருந்த பெட்டியை அக்கா காட்டினாள்.

"மேல தெரியற நம்பர் ரூம் சூடு. கீழ இருக்கறது தரைச் சூடு, அதுக்கு டைல்ஸ் அடியில ஒரு சென்சார் இருக்கு. ரூம் இருபத்திரண்டு வர்ற வரைக்கும் ஓடும். ஆனா தரை இருபத்தேழைத் தாண்டிச்சுன்னா பட்டுனு நின்னுடும்."

"நின்னா?"

"நடுங்க வேண்டியதுதான்."

"அப்படியே அத்தான் குணம்."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் பெட்டிக்குள் சத்தம் கேட்டது.

டக்.

ஹீட்டர் நின்றுவிட்டது. இருவரும் திரையைப் பார்த்தார்கள். அறை 17. தரை 37.

குட்டி குனிந்து தரையைத் தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது.

"சென்சார் போச்சு" என்றாள் அக்கா. இருவரும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுக்கப் போனார்கள்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தான். டைல்ஸை உடைக்கவில்லை. சுவரிலிருந்து தரைக்குள் போகும் குழாய் வழியாகப் பழைய சென்சாரை உருவி எடுத்தான். அதே வழியில் புதியதை விட்டான். தரை 16 என்று காட்டியது. சரியாகிவிட்டது. கருவிப் பையை மூடினான். வாசல்வரை போயிருப்பான்.

டக்.

37.

திரும்பி வந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"இப்பத்தான் உறையைப் பிரிச்சேன், அக்கா. புத்தம் புதுசு. முப்பத்தேழுன்னா... மனுஷ உடம்போட சூடு. யாரோ அது மேல படுத்துக் கிடக்கற மாதிரி காட்டுது."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

"சரி, தரையைப் பார்க்காதே, ரூமை மட்டும் பாருன்னு மாத்தி வெச்சுட்டேன். ரெண்டு நாள் ஓட்டுங்க. அப்புறம் வந்து டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்துடலாம்."

ஹீட்டர் ஓடத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் அறை 22. அக்கா கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுடச்சுட சூப் வைத்தாள். குட்டிக்குத்தான் ஒன்று உறுத்தியது. தரை முழுதும் சுடவில்லை. அந்த நாற்காலிக்கு முன்னால் மட்டும்தான் சூடு. ஓர் ஆள் நீளத்துக்கு. ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். கோடு கிழித்த மாதிரி, இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் ஐஸ்.

அக்காவிடம் சொல்லவில்லை. பாவம், இப்போதுதான் சிரிக்கிறாள்.

அடுத்த நாள் மதியம். நல்ல வெளிச்சம். ஜன்னலில் வெயில்கூட அடித்தது. குட்டி வேலையிலிருந்து வந்தாள். நின்று நின்று கால் கெஞ்சியது. அக்கா இன்னும் வரவில்லை. ஹாலில் அத்தானின் நாற்காலி கையை நீட்டிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. உட்கார்ந்தாள். வலது காலுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள், இடதைக் கழற்றச் சோம்பல். வெறும் வலது பாதத்தையும் காலுறையோடு இடதையும் தரையில் வைத்தாள்.

இதம்... அப்படி ஓர் இதம். கண் சொக்கியது.

குளிர் முகத்தில் அறைந்துதான் விழித்தாள்.

மூச்சு புகையாக வந்தது. வெயில் அதே இடத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் திரையில் அறை 9.

தரை 37.

அவள் பார்க்கப் பார்க்க... 38.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வரவில்லை.

39. 41.

கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தாள். இல்லை. பாதத்துக்கு அடியில் டைல்ஸ் அமுங்கியது. கல்போல இல்லை. சதைபோல... அமுங்கி, பாதத்தைச் சுற்றி மூடியது.

அதில் துடிப்பு இருந்தது.

திம்... திம்...

அவள் நெஞ்சுத் துடிப்பு இல்லை. அது தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இது நிதானமாக அடித்தது.

திம்...

இடது காலை வெறிகொண்டு இழுத்தாள். காலுறை தரையோடு நின்றது, கால் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. வலது கால் அசையவில்லை.

45.

கத்தினாள்.

சாவி திரும்பும் சத்தம். அக்கா.

"கால் வரலக்கா! சுடுது! கால் வரல!"

அக்கா ஒரு நொடிதான் பார்த்தாள். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். பிரிட்ஜ் அடங்கியது. திரை அணைந்தது.

சூடு அணையவில்லை.

திம்... திம்... திம்...

இப்போது வேகமாக.

அக்கா அந்த இடத்தில் கால் வைக்கவில்லை. நாற்காலியின் பின்னால் போய், குட்டியின் இரு அக்குளிலும் கை கொடுத்து, பஸ் ஸ்டியரிங்கை ஒடித்து வளைக்கும் பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தாள். நாற்காலி சாய்ந்தது. ஏதோ கிழிந்தது.

குட்டி விடுபட்டாள்.

தரையில் ஊர்ந்தே வாசலுக்குப் போனார்கள். கதவருகே குட்டி திரும்பிப் பார்த்தாள். டைல்ஸ் பளபளவென்று சுத்தமாக இருந்தது. ரத்தம் இல்லை.

காலுறையும் இல்லை.

வெளியே படியில் உட்காரவைத்து அக்கா அந்தப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் தோலே இல்லை.

"அவருக்கும்... அவருக்கும் கடைசியில கால் இப்படித்தான் இருந்துச்சு. சர்க்கரைப் புண்ணுன்னு நினைச்சோம்."

அதன் பிறகு இருவரும் அந்த வீட்டில் படுக்கவில்லை. கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டார்கள். குட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கோலை ஊன்றி நடக்கப் பழகினாள். வீட்டை விற்றுத் தொலைப்பதென்று முடிவானது. யாராவது பார்க்க வருமுன் ஹால் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுவிடும்படி அக்கா அதே எலக்ட்ரீஷியனிடம் சாவியைக் கொடுத்திருந்தாள். நடந்ததை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வருவானா?

ஒரு காலை அவனிடமிருந்து போன் வந்தது. குட்டி பக்கத்தில்தான் இருந்தாள். அவன் பேசியது அவளுக்கும் கேட்டது.

"அக்கா, ஹால்ல ஹீட்டர் கம்பியை எப்ப எடுத்தீங்க?"

"எடுக்கலையே தம்பி. ஏன்?"

"பெட்ரூம்ல எல்லாம் கம்பி ஒழுங்கா இருக்கு. ஹால் டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தா இல்லை. சுவர்லேர்ந்து ஒரு சாண் வருது, அதோட நறுக்கி விட்டிருக்காங்க. அதுக்கு மேல ஒரே வார்ப்பு கான்கிரீட். யாரும் உடைச்ச அடையாளமே இல்லை. வீடு கட்டின நாள்லேர்ந்தே இந்த ஹாலுக்கு ஹீட்டர் கிடையாது, அக்கா."

அக்காவின் பார்வை குட்டியின் பாதத்துக்குப் போனது. எத்தனை குளிர்காலம் அவர் அங்கே காலை வைத்து உட்கார்ந்திருந்தார்?

மறுமுனையில் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"கரண்ட் ஆபீஸ் ஆளுங்க நேத்தே லைனைக்கூட வெட்டிட்டுப் போயிட்டாங்க. ஆனா கான்கிரீட்... சுடுது."