கூரை வெட்டிய கார்

ஒரு காருக்குள் எப்படி ஏறுவது என்று எனக்குத் தெரியும். கதவைத் திறக்க வேண்டும், குனிய வேண்டும், இருக்க வேண்டும். இதையே தலைகீழாகச் செய்தால் இறங்கலாம் – எழுபத்து மூன்று வயது வரை அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

எங்கள் குடியிருப்பின் கார் தரிப்பிடத்தில், கூரை இல்லாத ஒரு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காருக்குள், மழையில், குடை பிடித்தபடி இருந்தேன். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் நண்பர் சிவநேசன். கதவுகள் இரண்டு. இரண்டும் திறக்க மறுத்துவிட்டன. கூரையே இல்லாத ஒன்றுக்குள் மனிதன் அடைபட முடியுமா? முடியும். மேலால் ஏறிக் குதிக்கலாம்தான். ஆனால் எனக்கு முழங்கால் சரியில்லை, அவர் இடுப்பு மூட்டு மாற்றின ஆள்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை. எழுதினால் விளங்குமோ என்று பார்க்கிறேன்.

சிவநேசன் ஒஸ்லோவில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நான் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு இங்கே வந்து ஒரு கிடங்கில் பொதி எண்ணி ஓய்வு பெற்றவன். அதனால் அவருக்கு நான் இன்றும் ‘மாஸ்ரர்’. ஓய்வு கிடைத்ததும் ஆட்கள் என்ன செய்வார்கள்? பல்கனியில் தக்காளி வைப்பார்கள், கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து சண்டை பிடிப்பார்கள். இவர் கார் வாங்கினார்.

முன்பக்கம் நீளம், பின்பக்கம் குட்டை. நான்கு பேர் இருக்கலாமாம். பின்னால் இருக்கிற இருவரும் கால்களை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். வெயில் எட்டிப் பார்த்ததும் இப்படிப்பட்ட கார்களை நோர்வேக்காரர் கராஜிலிருந்து எடுத்து மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆண்டில் பாதி பனி பெய்கிற நாட்டில் ஒருவருக்குத் திறந்த கார் எதற்கு என்று ஒவ்வொரு முறையும் யோசித்திருக்கிறேன். பதில் கிடைத்ததில்லை.

இதில் இன்னொரு சிக்கல்.

“இது கொம்பனி செய்த திறந்த கார் இல்லை மாஸ்ரர்,” என்றார் சிவநேசன். “கூரையோட வந்தது. பிறகு அமெரிக்காவிலயே ஒரு வேர்க்‌ஷொப்பில குடுத்து வெட்டினவங்கள்.”

“எங்கையும் அடிபட்டு நசுங்கினதோ?”

“இல்லை, புதுக்கார்.”

“புதுக்காரையோ வெட்டினவங்கள்?”

“ஓம்.”

“காசு குடுத்தோ?”

“ஓம் மாஸ்ரர். ஏன் கோபப்படுறியள்? உங்கட கூரையே?”

அவர் சொன்ன விளக்கம் இது. எழுபதுகளில் அமெரிக்காவில் ஒரு பேச்சு எழுந்ததாம் – கார் தலைகீழாகப் புரண்டாலும் உள்ளே இருப்பவர்கள் தப்ப வேண்டும் என்று சட்டம் வரப்போகிறது என்று. கொம்பனிகள் பயந்து, திறந்த கார் செய்வதையே நிறுத்திவிட்டன. எதிர்பார்த்த அளவுக்கு அந்தச் சட்டம் வரவில்லை. ஆனால் கார்கள் எல்லாம் கூரையோடு வந்துவிட்டன. காற்று வேண்டும் என்றவர்கள் கூரையுள்ள காரை வாங்கி, வேறு ஆளிடம் கொடுத்து, இரும்பு அறுக்கும் வாளால் அறுப்பித்து, கன்வஸ் துணி போட்டுக்கொண்டார்கள்.

வராத சட்டத்துக்குப் பயந்து கூரை போட்டவர்கள் ஒரு பக்கம். போட்ட கூரையைக் காசு கொடுத்து அறுத்தவர்கள் மறுபக்கம். இதில் யார் கெட்டிக்காரர்? நான் அன்று இரவு படுக்கையிலும் யோசித்தேன். வராத விஷயங்களுக்கு ஆயத்தம் செய்வதில் நான் அந்தக் கொம்பனிகளின் ஆள்.

அந்தக் கோடையில்தான் யாழினி தொலைபேசி எடுத்தாள். சிவநேசனின் ஒரே மகள், இங்கே பிறந்தவள், மருத்துவமனையில் வேலை. செப்டெம்பரில் அவளுக்குக் கலியாணம், மண்டபம் ஒஸ்லோவுக்குப் பக்கத்து லில்லெஸ்ட்ரோமில்.

“மாமா, கலியாணத்தண்டைக்கு அந்தக் காரிலதான் என்னை மண்டபத்துக்கு ஏத்திக்கொண்டு போகப் போறாராம் அப்பா. எனக்கு விருப்பமில்லை. ஆனா அவர் அவ்வளவு ஆசையா இருக்கிறார்… நான் சொன்னா உடைஞ்சு போவார். நீங்கள் பக்குவமாச் சொல்லுங்கோவன்.”

“அதுக்கென்ன பிள்ளை, நான் சொல்லுறன்,” என்றேன்.

ஏன் விருப்பமில்லை என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மணப்பெண், கொண்டை, மல்லிகைப்பூ, காற்று. எனக்குத் தெரியாதா?

பக்குவமாகச் சொல்வது என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வழி – சொல்லாமல் விடுவது. ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டோம். கேள்வி கேட்போம். எதிரில் இருப்பவர் தானாக விளங்கிக்கொள்ள வேண்டும். நானும் ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டேன்.

“சிவம், செப்டெம்பரில மழை வந்தா?”

அவர் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தார். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் அழைப்பு வந்தது.

“மாஸ்ரர், நீங்கள் சொன்னது சரி. பழைய கன்வஸ் ஒழுகினது. புதுசு போட்டு, மோட்டரும் பூட்டிப்போட்டன். பட்டனை அமத்தினாச் சரி.”

பிறகு காற்றையும் கொண்டையையும் பற்றிக் கேட்டேன். பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு வந்தது. குளிரைப் பற்றிக் கேட்டேன். ஹீட்டர் திருத்தப்பட்டது. பட்டுச்சேலையில் ஊத்தை பிரளுமே என்றேன். சீட்டுக்கெல்லாம் புதுத்தோல் போட்டார். ஒவ்வொரு முறையும் அவர் குரலில் நன்றி கூடிக்கொண்டே போனது. ஊரிலுள்ள எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தபோது நான் ஒருவன்தான் அக்கறையாக யோசனை சொன்னேனாம்.

என் மனைவி கமலா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை உங்களைக் காரை நிப்பாட்டச் சொன்னவளோ, போர்மன் வேலை பாக்கச் சொன்னவளோ?”

“நான் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறன்.”

“ஓம், கேக்குது. கலியாணத்துக்கு முதல் அவருக்கு ஒரு விமானமே செய்து குடுத்திடுவியள்.”

கடைசியாக என்னிடம் ஒரு கேள்விதான் மிஞ்சியிருந்தது. “கூரையை வெட்டின கார் பலமா இருக்குமோ, சிவம்?” என்றேன். அவர் சிரித்தார். “வாங்கோ மாஸ்ரர், ஒரு ஓட்டம் ஓடிப் பாப்பம்.”

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை ஏறினேன். புறப்படும்போது நல்ல வெயில். கூரை திறந்திருந்தது. நாயோடு போன ஒரு நோர்வேக்காரர் “ஃபீன் பீல்” என்று காரை மெச்சிக்கொண்டு கை காட்டினார். என்னை யாரும் தெருவில் இப்படி மெச்சியதில்லை. கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். திரும்பி வரும்போது குடியிருப்பு வாசலில் வேகத்தடை ஒன்று. அதில் ஏறி இறங்கியபோது காலுக்குக் கீழே ‘டொக்’ என்று ஒரு சத்தம். தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு இருவரும் கதவைத் தள்ளினோம். அசையவில்லை.

சிவநேசன் குனிந்து எட்டிப் பார்த்தார்.

“கூரை எண்டது மழைக்கு மட்டுமில்லை மாஸ்ரர். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இழுத்துப் பிடிச்சுக்கொண்டிருக்கிறதும் அதுதான். அதை வெட்டினபடியால் அடியில தகடு வைச்சு ஒட்டியிருந்தவங்கள். பனிக்குப் போடுற றோட்டு உப்பு திண்ட இடத்தில ஒட்டு விட்டிட்டுது போல. நடு தொய்ஞ்சு கதவைக் கவ்விப் பிடிக்குது.”

“இப்ப என்ன செய்யிறது?”

“பாரம் குறைஞ்சா நிமிரும். கதவு திறக்கும்.”

“அப்ப இறங்குவம்.”

“கதவு திறந்தாத்தானே இறங்கலாம்.”

“நாங்கள் இறங்கினாத்தான் கதவு திறக்குமோ?”

“ஓம்.”

நான் எத்தனையோ சமன்பாடுகள் படிப்பித்திருக்கிறேன். இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

அப்போதுதான் மழை தொடங்கியது. சிவநேசன் பட்டனை அமத்தினார். புதிய மோட்டர் முனகியது, புதிய கன்வஸ் தலைக்கு மேலால் வந்து, முன்கண்ணாடிச் சட்டத்தோடு பொருந்தாமல் இரண்டு விரலளவு விலகி நின்றுவிட்டது. கார் வளைந்ததில் கொளுக்கியும் வளையமும் சந்திக்கவில்லை. பட்டனை விட்டதும் திரும்பிப் போய் மடங்கியது. நல்ல காலம், நான் குடை இல்லாமல் வெளிக்கிடுவதில்லை.

பல்கனியிலிருந்து பார்த்த கமலா ஜாக்கி தேடி கராஜுக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து, அவளிடம் பூத்தட்டு வாங்க வந்த யாழினி எங்கள் இருவரையும் கண்டாள். ஓடி வந்து தன் குடையைத் தகப்பன் தலைக்கு மேலே பிடித்தாள்.

“ஒண்டுமில்லை பிள்ளை,” என்றார் சிவநேசன். “நல்ல உருக்குத் தகடு ரெண்டு வைச்சு வெல்ட் பண்ணினாச் சரி. கலியாணத்துக்கு முதல் முடிச்சிடலாம்.”

யாழினி என்னைப் பார்த்தாள்.

“மாமா, நீங்கள் இன்னும் சொல்லேல்லையோ?”

“சொன்னனான்… ஒரு விதமாய்.”

“என்ன சொன்னனீங்கள்?”

“மழை வரும் எண்டு.”

“என்ன சொல்லேல்லை?” என்றார் சிவநேசன். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு இந்தக் காரில வர விருப்பமில்லை அப்பா.”

எனக்கு அவரைத் தெரியும். மனம் நொந்தால் மறுபேச்சுப் பேசமாட்டார், எழுந்து போய்விடுவார். பிறகு ஒரு மாதத்துக்கு ஆளைப் பிடிக்க முடியாது. அன்று கை தானாகக் கதவுப்பிடிக்குப் போனது. இழுத்தார். கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை இழுத்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“வடிவில்லையோ?” என்றார், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

“வடிவுதான்.”

“அப்ப கூரையை மூடிக்கொண்டு போவம்.”

“கூரை இல்லை அப்பா பிரச்சினை. நீங்கள் காரை ஓடுறதுதான்.”

“நான் ஓடுறதோ? முப்பது வருஷம் ஓடினன். ஒரு ஆளுக்கு ஒரு கீறல்…”

“அதுதான். முப்பது வருஷமா ஓடினீங்கள். நான் சின்னனில பள்ளிக்கூடம் விட்டு உங்கட பஸ்ஸில ஏறி, பின்னுக்கு இருந்து உங்கட பிடரியைத்தான் பாத்துக்கொண்டு போவன். சனி ஞாயிறும் உங்களுக்கு வாக்த். கலியாணத்தண்டைக்கும் நீங்கள் முன்னுக்கு இருந்து இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போவியள். நான் பின்னுக்கு. அண்டைக்கு ஒரு நாள் எனக்குப் பக்கத்தில இருங்கோவன் அப்பா.”

‘வாக்த்’ என்றால் நோர்வே மொழியில் பணிமுறை, ஷிப்ட். இந்த ஊர்ப் பிள்ளைகள் தகப்பன்மாரைத் தேடும்போது முதலில் கேட்கிற சொல்.

கொண்டையும் இல்லை. காற்றும் இல்லை. நான் கேட்ட கேள்விகள் ஐந்து. ஐந்தும் காருக்குப் போய்ச் சேர்ந்தன, அவளுடைய பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, குடைக் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு.

 கமலா ஜாக்கியோடு வந்து, யாழினியும் அவளுமாகக் காரின் நடுவில் முட்டுக் கொடுத்துத் தூக்கினார்கள். கதவு தானாகவே விட்டது. சிவநேசன் இறங்கினார். கதவை மெல்லச் சாத்தினார், அதன் மேலிருந்த மழைத்தண்ணீரைக் கையால் வழித்துவிட்டார்.

“வெல்டிங்குக்குக் குடுக்கவேணும்,” என்றார். அவ்வளவுதான்.

இதற்கு என்ன அர்த்தம்? கலியாணத்துக்காக வெல்டிங்கா, கலியாணத்துக்குக் கார் போகாவிட்டாலும் வெல்டிங்கா? கமலாவைக் கேட்டேன். “அவரைக் கேளுங்கோ,” என்றாள். கேட்கும் துணிவு வரவில்லை. என் கேள்விகளின் கைராசி எனக்கு இப்போது தெரியும்.

கலியாணத்துக்குச் சில நாள் முன்பு அவரே அழைத்தார். “மாஸ்ரர், கார் சரி. இப்ப ஆறு பேர் ஏறினாலும் கதவு திறக்கும்.” அதற்கும் எனக்கு அர்த்தம் விளங்கவில்லை.

கலியாணக் காலை. யாழினியின் தாய் விடியவே தட்டுகளோடு மண்டபத்துக்குப் போய்விட்டாள். நானும் கமலாவும் எங்கள் சிறிய மின்சாரக் காரில், அவள் ஓட்ட, அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனோம். முன்னால் அந்த அமெரிக்கக் கார் நின்றது. கழுவி, துடைத்து, பொனட்டில் பூமாலை, கூரை திறந்தபடி. 

யாழினி படியிறங்கி வந்தாள். காரைக் கண்டதும் நின்றாள். சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

பட்டு வேட்டியோடு சிவநேசன் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரின் பட்டனை அமத்தினார். கன்வஸ் வந்து மூடியது. கொளுக்கியை மாட்டினார். கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு பொனட்டிலிருந்த மாலையைக் கழற்றி எடுத்து வந்து எங்கள் காரின் முன்பக்கத்தில் கட்டினார். பின்கதவைத் திறந்து மகளை ஏற்றினார். மறுபக்கத்தால் சுற்றி வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

“எடுங்கோ தங்கச்சி,” என்றார் கமலாவிடம்.

நான் முன்சீட்டில். ஏதோ உருக்கமான பேச்சு வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வந்ததா?

“தங்கச்சி, அந்த லொறிக்கு இடம் விட்டு ஓடுங்கோ.”

“ஓம் அண்ணை.”

“இப்ப லேன் மாத்தலாம். இல்லை, பொறுங்கோ.”

“அப்பா,” என்றாள் யாழினி, “ஓடுற ஆளோட கதைக்கக்கூடாது.”

அவர் வாயை மூடிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தேன். மகளின் கை அவர் கைக்குள் இருந்தது. முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் ஒவ்வொரு சிவப்பு விளக்கு வரும்போதும் என் சீட்டின் முதுகில் ஏதோ அழுத்தியது. அவருடைய வலது கால். என் காலும் அப்போது தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

லில்லெஸ்ட்ரோம் வரை அந்தக் காரில் பிரேக் பிடித்தவர்கள் மூன்று பேர். பெடல் இருந்தது கமலாவிடம் மட்டும்.