நான்காம் கணினியில் ஒன்பது வியாழன்

நூலகங்களில் பொதுமக்களுக்கென்று போட்டிருக்கும் கணினிகளைப் பராமரிப்பதுதான் அவர் வேலை. மூன்று நூலகங்கள், இருபத்திரண்டு கணினிகள். கீபோர்டுக்குள் பிஸ்கட் தூளைக் கொட்டுகிறவர்கள், ஹெட்போன் பஞ்சைப் பிய்த்து உருட்டுகிறவர்கள், பிரிண்டர் சிக்கினால் அதன் தலையில் ஓங்கித் தட்டுகிறவர்கள் என்று எல்லாருக்கும் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார். நூலகத்தில் அவருக்குப் பெயர் 'துடைப்பம் சார்'. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். கோபம் வராது, பெருமைதான்.

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. முன்பொரு முறை ஒரு பெண் பாதி எழுதிய கடிதத்தை மூடாமல் எழுந்து போக, அடுத்து உட்கார்ந்தவர் அதைப் படித்துவிட்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். அந்தப் பெண் அதன்பின் நூலகப் பக்கமே தலைகாட்டவில்லை. இவருக்குப் பொறுக்கவில்லை. ஒருவர் முடித்து எழுந்ததும் அவர் எழுதியது, தேடியது, பார்த்தது அத்தனையும் தானாக அழியும்படி எல்லாக் கணினிகளையும் மாற்றி அமைத்தார். தலைகீழாக நின்றாலும் யாராலும் மீட்க முடியாது என்று மார்தட்டிக்கொள்வார். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது.

வீட்டிலும் மனிதர் அப்படித்தான். எதைச் சொன்னாலும் சரிசெய்யக் கிளம்பிவிடுவார். மனைவிக்கு வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்று தெரிந்த அன்றைக்கே மாத்திரைக்கு அட்டவணை போட்டார், போனில் மணி வைத்தார். "பயமா இருக்குங்க" என்பாள் அவள். "எதுக்குப் பயம்? நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அரை மணி நேரத்தில் இன்னொரு டாக்டரைக் கண்டுபிடிப்பார். அவள் பயத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். மனசு தேறிவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்களுக்கு மட்டுமே வாய்க்கிற முட்டாள்தனம் அது.

அவள் போய் இரண்டு மாதம் கழித்து, இறந்துபோன உறுப்பினர்களின் அட்டைகளை நீக்கும் வேலை வந்தது. கணினியில் உட்கார அட்டை எண்ணைச் சொல்லி முன்பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு மட்டும் அழியாது. மனைவியின் எண்ணைத் தட்டினார். நான்காம் கணினி, வியாழக்கிழமை, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. ஒன்பது வாரம் வரிசையாக. கடைசிப் பதிவு, ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள். வியாழக்கிழமைகளில் அவருக்கு வேறு நூலகத்தில் வேலை. அக்கா வீட்டுக்குப் போவதாகத்தான் அவள் சொல்லியிருந்தாள்.

அவர் நான்காம் கணினியைக் கழற்றிப் போட்டார். மூன்று நாள் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். ஒரு வரி வேண்டாம், ஒரு வார்த்தை கிடைத்தால்கூடப் போதும் என்றிருந்தது. கிடைக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்து வைத்திருந்தார், பாவி மனுஷன். கணினியைப் பழையபடி மாட்டிவிட்டு நூலகர் அம்மாவிடம் போய் நின்றார்.

"மேடம், என் வீட்டுக்காரி இங்க வந்தாளா?"

நூலகர் அம்மா கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார். "வந்தாங்க சார். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

"வந்து என்ன பண்ணா?"

"டைப் பண்ணுவாங்க. ஒரு மணி நேரமும் தலை நிமிர மாட்டாங்க. சில நாள் அழுவாங்க."

"எனக்கு எழுதினாளா?"

"எப்படி சார் தெரியும்? யாரு என்ன எழுதினாலும் எட்டிப் பாக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லி வெச்சிருக்கீங்க."

"பிரிண்ட் எடுத்துக்கச் சொல்லியிருக்கக் கூடாதா மேடம்?"

"முதல் நாளே சொன்னேன் சார். எழுந்தா எல்லாம் அழிஞ்சிடும்மான்னு. தெரியும், அதுக்குத்தான் இங்க வரேன்னாங்க." நூலகர் அம்மா புத்தகத்தை ஓரமாக நகர்த்தினார். "வீட்டுல வாயத் தொறந்தா போதும், அவரு சரி பண்ண ஓடறாரு, பாக்கவே பாவமா இருக்கு, இங்க சும்மா சொல்லிட்டுப் போறேன்னாங்க."

அவர் நான்காம் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அதன் மேசைக்கடியில் தவழ்ந்திருக்கிறாரே தவிர, நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒற்றை விரலால் தட்டினார்: 'சொல்லும்மா. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா கேட்டுக்கறேன்.'

பன்னிரண்டு மணிக்குப் பதிவு செய்திருந்தவர் வந்து பின்னால் நின்றார். இவர் எழுந்திருக்கவில்லை.