கோழி வழக்கில் நாகலிங்கம்

அஜ்மானுக்கு வெளியே, மலை தொடங்கும் இடத்தில் ஒரு அரபியின் பேரீச்சந்தோட்டம். தண்ணீர் பாய்ச்சுவதும் கோழிக்குத் தீனி போடுவதும் பரமக்குடிப் பக்கத்து நாகலிங்கத்தின் வேலை. கீழக்கரை முகம்மது சித்தீக் பிக்கப் ஓட்டுவார். தோட்டத்தில் தங்கியிருந்தது இவர்கள் இரண்டு பேர்தான்.

2004 நவம்பர் கடைசியில் ஆறு கோழிகளைக் காணவில்லை. மேனேஜர் சீதாராமன் சித்தீக்கின் மேல் போலீசில் புகார் கொடுத்தார். சித்தீக் ஒரு சாக்கை வண்டியில் ஏற்றியதைப் பார்த்ததாக நாகலிங்கம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அதனால் சாட்சி ஆனார். சாக்கில் இருந்தது காய்ந்த குபூஸ் ரொட்டி, கூட்டாளியின் ஆட்டுக்கு என்று சித்தீக் சொன்னதை யாரும் நம்பவில்லை.

"கோழியைப் பாத்தேன்னு சொல்லிடு. ஜனவரியில உனக்கு லீவு," என்றார் சீதாராமன்.

நாகலிங்கம் ஊருக்குப் போய் மூன்று வருஷம். அவர் இங்கே வந்த பிறகு பிறந்த மகள் விஜியின் குரலை போனில் கேட்டிருக்கிறார். முகத்தை நேரில் பார்த்ததில்லை.

ஸ்டேஷனில் மீரா சாகிப் என்பவர் மொழிபெயர்த்தார்.

"சாக்கில் என்ன இருந்தது?"

"தெரியாது சார்."

"கோழி கத்தியதா?"

"கத்தல." கொஞ்சம் யோசித்தார். "செத்த கோழின்னா கத்தாது சார்."

மீரா சாகிப் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு அதையும் அரபியில் சொன்னார். சித்தீக்கை உள்ளே வைத்தார்கள்.

நாகலிங்கம் தினமும் கோழிகளை எண்ணினார். ஐந்தாம் நாள் எண்ணிப் பார்த்தால் இன்னும் மூன்று கோழி குறைந்தது. சீதாராமனிடம் சொன்னார். "உன் வேலையைப் பாரு," என்றார் சீதாராமன். நாகலிங்கம் தண்ணீர் லாரியில் ஏறி ஸ்டேஷனுக்குப் போனார்.

"சித்தீக் இங்க இருக்கும்போதே மூணு போயிருக்கு சார்."

"அப்போது தோட்டத்தில் யார் இருந்தது?"

"நான் மட்டும்தான் சார்."

சித்தீக்கை வெளியே விட்டு, அதே அறையில் நாகலிங்கத்தை உட்கார வைத்தார்கள்.

வாசல் வரை போன சித்தீக் திரும்பி வந்தார்.

"நானும் சாட்சி சொல்லணும். இவரு மாலை போட்டிருக்காரு. நான் கறி சமைக்கிற சட்டியைக்கூட தொடமாட்டாரு."

"விற்றிருக்கலாமே?"

"எங்க போய் விப்பாரு? வண்டி ஓட்டத் தெரியாது. நடந்து போனா ரோட்டுக்கே ரெண்டு மணி நேரம். ஒருதரம் கூண்டை வந்து பாருங்க."

மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்தார். கூண்டின் பின்பக்கம் கம்பிவலைக்கு அடியில் மண் தோண்டியிருந்தது. வெளியே இறகு, நரியின் காலடித் தடம். குனிந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். சாயங்காலம் நாகலிங்கத்தை விட்டுவிட்டார்கள்.

அழைத்துப்போக சித்தீக் வந்தார். வண்டியில் ஏறியதும் நாகலிங்கம் கேட்டார்.

"அண்ணே, எம்மேல கோவமா?"

"இருக்கு. சாப்பிட்டியா?"

"இல்ல."

வழியில் ஒரு கடையில் நிறுத்தி, சைவமாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார்.

சீதாராமன் ஜனவரியில் லீவு கொடுக்கவில்லை. ஜூனில்தான் கிடைத்தது. ஏர்போர்ட்டுக்கு சித்தீக் கொண்டுபோய் விட்டார்.