முதலில் சொன்னது யார்

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி, நேற்று என்ன படித்தீர்கள் என்று கேட்கும் வேலைக்கு ஹெலன் சேர்ந்தது 1994இல். செங்கல்பட்டை ஒட்டிய காலனியில், ஊரார் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிளஸ் டூ முடித்த முதல் பெண் அவள். எந்தப் பத்திரிகையை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்கச் சென்னை நிறுவனம் ஒன்று ஆள் தேடியது. கணவன் ஏசுதாஸ் மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தான். கம்பெனி பஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனதும் இவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

வேலைக்குச் சட்டங்கள் இருந்தன. தெருமுனையில் தொடங்கி வலப்பக்கமாகவே போக வேண்டும், ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு. பூட்டியிருந்தால் மூன்று முறை திரும்பிப் போக வேண்டும். பக்கத்து வீட்டில் காபி தருகிறேன் என்று கூப்பிட்டாலும் அங்கே நுழையக் கூடாது. கதவைத் திறந்தவரையே கேட்கவும் கூடாது. அந்த வீட்டில் அடுத்துப் பிறந்தநாள் வருவது யாருக்கோ அவரைத்தான் கேட்க வேண்டும். இதில்தான் அவள் திண்டாடினாள். காலனிகளில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்களாக இருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் போட்ட தேதி அது. பதில் வரத் தாமதமானால் எடுத்துக்கொடுக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்.

ஹெலன் அப்படியே எழுதினாள். கல்பாக்கம் குடியிருப்பில் ஒருவர் தினமும் மூன்று பத்திரிகை படிப்பதாகச் சொன்னபோது, மேசைமேல் அன்றைய தாள்கள் ரப்பர் பேண்டு கழற்றாமல் கிடந்தன. மூன்று என்றே எழுதினாள். ஆனால் ஓரத்தில் சின்ன எழுத்தில் ரப்பர் பேண்டையும் எழுதினாள். வேறோர் ஊரில் டீக்கடைக்கு வரும் ஒரே பேப்பரைக் கட்டட மேஸ்திரி ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்டார்கள். ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை. “படிக்கவில்லை, கேட்டார்கள், 11 பேர்” என்று ஓரத்தில் எழுதி அனுப்பினாள். தாளைக் கிறுக்கிப் பாழாக்காதே என்று அலுவலகத்தில் திட்டு விழுந்தது.

அந்த ஓரங்களைப் படித்த ஒரே ஆள், ஃபாரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்த ரோகிணி. பின்னாளில் அவர் சென்னையில் ஒரு கல்லூரியில் தகவல் தொடர்பியல் சொல்லிக்கொடுக்கப் போனார். தன் ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டும்போதெல்லாம் மின்சார ரயிலேறி செங்கல்பட்டுக்கு வந்துவிடுவார். ஒருமுறை அவர் ஒரு கதை சொன்னார். ரேடியோ வந்த புதிதில், அதில் சொன்னது ஊசி மருந்துபோலக் கேட்டவர் உடம்பில் நேரே ஏறிவிடும் என்று வெளிநாட்டில் பலர் நம்பினார்களாம். பிறகு ஒரு தேர்தல் சமயத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பார்த்தால், செய்தியைப் படித்த ஒருவர் சொல்லித்தான் மற்றப் பலர் முடிவெடுத்திருந்தார்களாம். “உங்க டீக்கடை மேஸ்திரிதான் ஹெலன்” என்றார் ரோகிணி. படித்தவர்கள் இதைக் கண்டுபிடிக்க அவ்வளவு காலம் ஆனதா என்று ஹெலனுக்கு வியப்பாக இருந்தது.

2004 டிசம்பர் இருபத்தாறாம் தேதி கடல் ஊருக்குள் வந்தது. நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவிலிருந்த ஒரு குப்பத்தில் ஹெலனின் சித்தி மகள் கல்யாணி பால்வாடி டீச்சராக இருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவள் திருக்கழுக்குன்றத்தில் இருந்தாள், தப்பித்தாள். திங்கட்கிழமையே திரும்பிப் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு மளிகைக் கடையை ஒட்டிப் போட்ட பந்தலில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் ஹெலன் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தபோது, மீண்டும் அலை வரக்கூடும், கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும் என்று டிவியில் எழுத்து ஓடியது. அவள் ஒரு ரூபாய் போனுக்கு ஓடி மளிகைக் கடை எண்ணைச் சுற்றினாள். கல்யாணியைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

“மறுபடியும் அல வருதாம் கல்யாணி. டிவில ஓடிகினு கீது. புள்ளைங்கள இட்டுகினு மேட்டுப் பக்கம் பூடு.”

கல்யாணி போனை வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் அலை வருது என்றாள். கடையில் நின்றவர்கள் குப்பத்துக்குள் ஓடியபோது அவர்கள் வாயில் அலை கிளம்பிவிட்டிருந்தது. வலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் காதில் விழுந்தபோது அது மாமல்லபுரத்தைத் தாண்டிவிட்டிருந்தது. எல்லாரும் ஓடினார்கள். இடிந்த வீட்டில் பாத்திரம் பொறுக்கிக்கொண்டிருந்த பார்வதம் என்ற மீன்காரம்மா, சிக்கிக் கிடந்த வலையில் கால் மாட்டி விழுந்தார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தது. அலை வரவில்லை.

மார்ச் மாதம் ரோகிணி புது ஃபாரத்தோடு வந்தார். ஒரு செய்தி எப்படி ஊருக்குள் பரவுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. உங்களுக்கு முதலில் சொன்னது யார், என்ன வார்த்தை சொன்னார், நீங்கள் யாருக்குச் சொன்னீர்கள் என்று கேட்டு, பதிலில் வரும் பெயரைப் பிடித்து அவரிடமும் அதையே கேட்டு, இழை முடியும் இடம்வரை போக வேண்டும். ஹெலனுக்கு ஆறு குப்பங்கள் கொடுத்தார்கள். அவற்றில் கல்யாணியின் குப்பமும் ஒன்று. அதில் அவளுக்குத் தயக்கம் எதுவும் இல்லை. நாடு முழுக்க டிவியில் ஓடிய செய்தி, நூறு வாயில் வந்திருக்கும், தன் போன் அதில் ஒன்று என்றுதான் நினைத்தாள்.

நான்காம் நாள் நாற்பத்து மூன்று ஃபாரம் சேர்ந்தது. இரண்டைத் தவிர எல்லா இழையும் மளிகைக் கடைக்குப் போனது. கடைக்காரர் கல்யாணியைச் சொன்னார். ஹெலன் பந்தலுக்குப் போய் அவள் எதிரில் உட்கார்ந்து முதல் கேள்வியை, எல்லாரிடமும் கேட்டதுபோலவே, எழுதியிருந்தபடி வாசித்தாள்.

“டிவில பாத்தேன்னு எழுதிக்கோக்கா” என்றாள் கல்யாணி.

“அன்னிக்கு இங்க கரண்டே இல்லியே.”

“அப்ப ரேடியோன்னு போடு. இன்னாத்துக்கு இத்த கெளறிகினு கீற? பார்வதம் வூட்டு ஆளுங்களுக்குத் தெரிஞ்சா என்ன வுட மாட்டாங்க. உம் பேருந்தான வரும்?”

சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். ஹெலன் ரேடியோ என்று எழுதினாள். பதினோரு வருடத்தில் பொய் என்று தெரிந்து எழுதிய பதில்கள் நிறைய. அதற்காக ஒருநாளும் அவள் கை நின்றதில்லை. அன்று பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அந்த ஒரு தாளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஒரு வெற்று ஃபாரத்தை எடுத்து, பதில் சொல்பவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். சொன்னது யார்: டிவி. என்ன வார்த்தை: வரக்கூடும். யாருக்குச் சொன்னீர்கள்: கல்யாணி. என்ன வார்த்தை சொன்னீர்கள் என்ற இடத்தில் வருதாம் என்று எழுதிவிட்டு, மேலே வரக்கூடும் என்று இருந்ததை மறுபடி படித்தாள். ஒரு சொல்லைத் தான் வழியில் விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ரோகிணி இரண்டு ஃபாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். கேட்பவரே பதில் சொல்லக் கூடாது என்பதும் சட்டம்தான் என்று நினைவூட்டினார்.

“தெரியும் மேடம். ஆனா இத மறைச்சிட்டா அந்த ஊரோட பதிலே தப்பாயிடும்” என்றாள் ஹெலன்.

ரோகிணி அவளை அந்தக் குப்பத்திலிருந்து விலக்கினார். தன் மாணவன் ஹேமந்த்தை, எதையும் சொல்லாமல், கல்யாணியிடம் அனுப்பினார். அறிக்கையில் யார் பெயரும் இருக்காது, எண்தான் இருக்கும் என்று ஹேமந்த் சொன்ன பிறகு கல்யாணி உள்ளதைச் சொன்னாள். ஆனால் ஹெலன் சொல்லித்தான் தன்னிடம் இன்னொரு ஆளை அனுப்பினார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் ஹெலன் போன் செய்தால் அவள் எடுக்க வரவில்லை.

ஹெலன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையும் ஃபாரமும் இல்லாமல் பார்வதத்தைப் பார்க்கப் போனாள். கூடை தூக்கி நடக்க முடியாமல், தகரக் கொட்டகை வாசலில் உட்கார்ந்தபடி அவர் மீன் விற்றுக்கொண்டிருந்தார். கல்யாணியின் பெயரைச் சொல்லாமல், செங்கல்பட்டிலிருந்து போன் பண்ணியது தான்தான் என்று ஹெலன் சொன்னாள். டிவியில் வரலாம் என்றுதான் சொன்னார்கள், தான் வருகிறது என்று சொல்லிவிட்டதையும் சொன்னாள்.

பார்வதம் மீனிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வர்லாம்னு சொல்லியிருந்தா நான் ஓடியிருக்க மாட்டேன்னு நெனச்சிகினு கீறியா? நாலு நாளைக்கு முன்னாடி அந்தத் தண்ணில நின்னவ நானு. எவனாவது இருமியிருந்தாக்கூட ஓடியிருப்பேன்” என்றார். மீனைப் புரட்டிப் போட்டுவிட்டு, “அதுக்காவ உம்மேல கோவம் இல்லன்னு இல்ல. கோவம் கீது” என்றார்.

ஹெலன் சரிம்மா என்றாள். இதைத் தன் மேடத்திடம் சொல்லலாமா என்று மட்டும் கேட்டாள். சொல்லிக்கோ, மறைச்சா எங் காலு திரும்பி வந்துடப் போவுதா என்றார் பார்வதம்.

மீதியிருந்த இரண்டு குப்பங்களுக்கு ரோகிணி ஒரு கேள்வியைச் சேர்த்தார்: இருபத்தாறாம் தேதி காலை நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பழைய ஊர்களுக்கும் ஆள் அனுப்பி அதைக் கேட்கச் சொன்னார். அந்த ஆராய்ச்சியில் கடைசியில் நின்றது அந்தக் கேள்விதான். தண்ணீரைக் கண்ணால் பார்த்தவர்கள் யார் சொன்னாலும், எந்த வார்த்தையில் சொன்னாலும் ஓடியிருந்தார்கள். பார்க்காதவர்களில் பலர் இன்னொருவரைக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் நகர்ந்திருந்தார்கள். ரோகிணி அதைச் சென்னையில் ஒரு கருத்தரங்கில் வாசித்தார். ஹெலன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். அறிக்கையில் அவள் எண் பதினேழு.

கல்யாணி ஒன்றரை வருடம் பேசவில்லை. 2006 கடைசியில் உறவுக்காரர் கல்யாணம் ஒன்றில், பந்தியில் இடம் பிடித்து வைத்து, இங்க வாக்கா என்று கூப்பிட்டாள். ஹெலன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பால்வாடிக்குப் புதுக் கட்டடம் கட்டுவதைப் பற்றியும் ஏசுதாசின் ஷிப்டைப் பற்றியும் பேசிக்கொண்டே இருவரும் சாப்பிட்டார்கள்.