வாணலியில் ஒரு சொட்டு

என் தங்கை எண்ணெய் காய்ச்சுகிறாள். சமையலுக்கு அல்ல, வண்டி ஓட்ட. உணவகங்களில் பொரித்து ஓய்ந்த எண்ணெயும், கசாப்புக் கடைகளில் மிஞ்சும் கொழுப்பும் அவள் கொட்டகைக்கு வந்து பயோடீசலாகத் திரும்பிப் போகும். எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். சொல்லும்போதே எனக்குக் குரல் ஏறிவிடும்.

முன்பு காய்ச்சுவது அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளையின் வேலை. வாங்குவதும் விற்பதும் அவளுடையவை. மாரடைப்பில் அவர் போனார். அவள் அழவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். துணைக்கு வந்து தங்கிய நான் உப்புப் போட மறந்து சமைத்த சாப்பாட்டைக்கூடப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தாள்.

பள்ளிப் பேருந்துகள் வைத்திருக்கும் முதலாளி ஒருவரை நம்பித்தான் தொழில். திங்கட்கிழமைக்குள் எண்ணெய் வராவிட்டால் பெட்ரோல் பங்க்குக்கே போய்விடுவதாகச் சொல்லி அனுப்பினார். அவர் போனால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

தங்கை தனியாக இறங்கினாள். கொழுப்பை உருக்கி வடிகட்டி, சூடு தணிந்ததும் காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலை ஊற்றிக் கலக்கியை ஓடவிட்டாள். மறுநாள் தொட்டியில் மேலே தெளிந்த எண்ணெயும் அடியில் கிளிசரினும் பிரிந்து நிற்க வேண்டும். திறந்தால் வெள்ளைக் கூழ். கொழுப்பில் தண்ணீர் இருந்திருக்கிறது. எல்லாம் சோப்பாகிவிட்டது.

பேருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, வண்டிய ஓட்டவா, குளிப்பாட்டவா?"

அவள் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. கூழை வாளி வாளியாக அள்ளிக் கொட்டினாள்.

அவர் போனதும் கேட்டேன். "தண்ணி இருக்கான்னு மாப்பிள்ளை எப்படிப் பாப்பாரு?"

"வாணலிய சூடாக்கி ஒரு சொட்டு விடுவாரு. சடசடன்னா தண்ணி இருக்கு. சத்தமே வரலன்னா சரி."

"நீ விட்டுப் பாக்கலையா?"

"விட்டேண்ணே. சத்தம் வந்துச்சா இல்லையான்னு கவனிக்கல. காதுல எதுவுமே விழ மாட்டேங்குது."

மறுபடி கொழுப்பு உருக்கியபோது வாணலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "நான் கேட்டுச் சொல்றேன்."

"நீ தள்ளி நில்லு. நீ மூச்சு விடறதே மோட்டார் ஓடற மாதிரி இருக்கு."

நகர்ந்துகொண்டேன். சொட்டு விட்டாள். சடசடத்தது. இன்னும் காய்ச்சினாள். மறுபடி சடசடத்தது. ஆவி அடங்கும்வரை அடுப்பை அணைக்கவில்லை. கடைசியாக விட்ட சொட்டு சத்தமில்லாமல் பரவியது. குனிந்து, காதைச் சாய்த்து, வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"சரியாயிடுச்சு" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

இந்த முறை எண்ணெய் பிரிந்தது. கழுவி, ஈரம் போக்கிக் கேன்களில் நிரப்பினாள். திங்கட்கிழமை காலை ஓட்டுநர் வண்டியைக் கிளப்பி, ஜன்னல் வழியே கட்டைவிரலைக் காட்டினார். தங்கை தலையாட்டிவிட்டு அடுத்த கேனுக்கு மூடி திருகப் போய்விட்டாள்.

அன்று இரவு அம்மா போனில் கேட்டாள். "இப்பவாவது அழுதாளாடா?"

"இல்லம்மா. சாப்பாட்டுல உப்பே இல்லன்னு என்னைத் திட்டினா."