நான்கு கிலோ செம்பனை

லோபாக்கிலிருந்து கோலா சாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்கு லோகேஸ்வரி பதினொரு வருடமாக மோட்டார் சைக்கிளில் போய்வருகிறாள். ஆபீஸ் பதிவேட்டில் அவள் கிராணி, அதாவது குமாஸ்தா. உண்மையில் செய்வது சி மொழியில் நிரல் எழுதும் வேலை. அப்படி ஒரு வேலை உண்டென்று தலைமையகத்தின் படிவத்துக்குத் தெரியாது. கிராணி என்று போட்டுவிட்டதால் ஸ்டேப்ளர் முள் தீர்ந்தாலும் அவளைத்தான் கேட்பார்கள்.

பாமாயில் ஆலை வாசலில் லாரிகளை நிறுக்க இரண்டு எடை மேடைகள். செம்பனைக் குலையோடு லாரி ஏறி நின்றதும் ஓட்டுநர் பெயர், எடை, குலை வெட்டிய தோட்டப் பகுதியின் பிளாக் எண் மூன்றும் நடுவே காற்புள்ளி வைத்து ஒரே வரியாக ஆபீஸ் சர்வருக்கு வரும். சர்வர் அவள் எழுதியது. முதலில் ஒரு மேடைதான் இருந்தது. இரண்டாவது மேடை கட்டி முடித்த வெள்ளிக்கிழமை மேனேஜர் யோகேந்திரன் அவளைக் கூப்பிட்டார்.

"ரெண்டும் ஒரே நேரத்துல ஓடணும் லோகேஸ். திங்கக்கிழமை ஓப்பனிங். ரிப்பன்கூட வாங்கியாச்சு."

இரண்டு நாளில் அவள் சர்வரை மாற்றி எழுதினாள். மேடைக்கு ஓர் இழை. ஒரே நிரலுக்குள் இரண்டு வேலையாட்கள், ஒருவருக்காக மற்றவர் காத்திருக்காமல் வேலை பார்ப்பதுபோல. திங்கட்கிழமை ரிப்பன் வெட்டினார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மழை நாளில் வினை வந்தது. அன்றைய அறிக்கைப்படி ஆம்புரோஸ் தன் சின்ன லாரியில் இருபத்தோராயிரத்து நானூற்றெண்பது கிலோ கொண்டுவந்திருந்தான். பெரிய லாரி ஓட்டும் மாயாண்டி நான்கு கிலோ கொண்டுவந்திருந்தார்.

யோகேந்திரன் கணினி சொன்னதைச் சந்தேகிக்கிற மனிதர் அல்ல. ஆம்புரோஸுக்கு 'மாதத்தின் சிறந்த ஓட்டுநர்' விருதும், மாயாண்டிக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் ஒரே காலையில் கையெழுத்தாயின. வரும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை.

மறுநாள் ஆம்புரோஸ் கழுத்தில் மாலையோடு லோகேஸ்வரியின் மேசைக்கு வந்தான்.

"அக்கா, அவ்ளோ ஏத்துனா என் லாரி ரெண்டா ஒடைஞ்சிரும் லா. ரோட்டுல ஜேபிஜே ஆபீசர் பாத்தா என்னைத்தான் புடிப்பான்."

மாயாண்டி அவன் பின்னால் கடிதத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். "நாலு கிலோவுக்கு எதுக்கும்மா லாரி? மோட்டார் கூடையிலயே வெச்சுக் கொண்டாந்திருப்பேன்ல."

லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது அவள் எழுதிய நிரல்.

எங்கே புரள்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு கட்டத்திலும் நடப்பதைத் திரையில் அச்சிடும்படி சில வரிகளைச் சேர்த்தாள். புதன்கிழமை நல்ல மழை. ஒரு பிழைகூட வரவில்லை.

"அப்ப சரியாயிருச்சு!" என்றார் யோகேந்திரன்.

"சரியாகல பாஸ். அச்சடிக்கிறதுல கொஞ்சம் நேரம் போகுது. அதுல ரெண்டு இழையும் ஒண்ணோட ஒண்ணு மோதாம வெலகிப் போயிருது. தப்பு உள்ளயேதான் இருக்கு."

"அச்சடிச்சுக்கிட்டே இருக்கட்டும். என்ன நஷ்டம்?" என்று சொல்லிவிட்டு, பிரச்சினை தீர்ந்ததாகத் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதப் போனார். விசாரணையை மட்டும் தள்ளிவைக்கவில்லை. அறைக்குச் சொல்லியாகிவிட்டது, பலகாரத்துக்கும் சொல்லியாகிவிட்டதாம்.

அவள் பழைய அறிக்கைகளைத் தோண்டினாள். போன மாதமும் ஒரு மழை நாளில் ஒரு லாரி பதினொரு கிலோ கொண்டுவந்திருந்தது. அது எந்த பிளாக்கிலிருந்து வந்தது என்று தோட்டத்தில் கையால் எழுதிய சீட்டில் பார்த்தாள். பதினொன்று. மாயாண்டி குலை ஏற்றியது நாலாம் பிளாக்கில். எடை இருக்கவேண்டிய இடத்தில் பிளாக் எண் போய் உட்கார்ந்திருக்கிறது.

நிரலைத் திறந்தாள். வரியைக் காற்புள்ளிகளில் வெட்ட அவள் பயன்படுத்தியது strtok என்ற பழைய கட்டளை. எதுவரை வெட்டினோம் என்பதை அது ஒரே ஒரு பொது இடத்தில் குறித்துவைக்கும். ஆம்புரோஸின் வரியில் பெயரை வெட்டி முடித்த கணத்தில் அடுத்த இழை மாயாண்டியின் வரியை வெட்டத் தொடங்கினால், குறிப்பு மாயாண்டியின் வரிக்குத் தாவிவிடும். ஆம்புரோஸுக்கு மாயாண்டியின் எடை போகும். மாயாண்டிக்கு மிஞ்சுவது பிளாக் எண். மழை நாளில் மேடைக்கும் ஆபீசுக்கும் இடையே லைன் அறுந்து மீண்டும் வரும்போது இரண்டு மேடைகளும் தேங்கிய வரிகளை ஒரே மூச்சில் கொட்டும். மோதல் அப்போதுதான்.

நினைத்தது போதாது, பார்க்கவேண்டும். அச்சிடும் வரிகளை நீக்கினாள். இருநூறு எடை மேடைகள்போல் நடித்துச் சர்வரை ஒரே நேரத்தில் தாக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதி ஓட்டினாள். அரை நிமிடத்துக்குள் பெயர்களும் எடைகளும் கலந்துபோயின. ஒவ்வோர் இழையும் தன் குறிப்பைத் தானே வைத்துக்கொள்ளும் strtok_r கட்டளைக்கு மாற்றினாள். வியாழக்கிழமை காலை முழுக்க ஓடவிட்டாள். ஒன்றுகூடக் கலக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் அவளே எழுந்து நின்றாள்.

"மாயாண்டி அண்ணன் மேல தப்பு இல்ல பாஸ். நான் எழுதுன நிரல்ல தப்பு. திருத்திட்டேன்."

யோகேந்திரன் படிவத்தைப் புரட்டினார். "காரணம்னு மூணு கட்டம்தான் இருக்கு. ஓட்டுநர், வண்டி, வானிலை. நிரலை எங்க போடறது?" சிறிது யோசித்தார். "அன்னிக்கு மழதானே?"

"மழதான் பாஸ், ஆனா..."

"வானிலை" என்று டிக் போட்டார். மாயாண்டியின் கடிதம் வானிலை காரணமாக ரத்தாயிற்று. ஆம்புரோஸின் விருதை ரத்துசெய்ய முடியவில்லை. அவன் படம் ஏற்கெனவே தலைமையகத்துப் பத்திரிகைக்குப் போயிருந்தது.

வெளியே வந்ததும் மாயாண்டி கேட்டார். "நீ தப்ப ஒத்துக்கலன்னா என் வேல போயிருக்கும்ல?"

"போயிருக்கும்ணே."

அவர் விசாரணைக்கு வந்த பலகாரத்தில் இரண்டு வடையைத் தாளில் சுற்றி அவள் மோட்டார் கூடையில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை லோபாக் வீட்டில் அவள் தன் நிரலை முதல் வரியிலிருந்து படித்தாள். நேரத்தைக் குறிக்கும் இடத்தில் localtime இருந்தது. அதற்கும் அதே கெட்ட பழக்கம்; விடையை ஒரே பொது இடத்தில்தான் வைக்கும். இரண்டு வருடமாக எத்தனை லாரிகள் தப்பான நேரத்தில் வந்து சேர்ந்தனவோ. திருத்தினாள். பிறகு, பதிவேட்டில் உள்ளபடி ஒரு கிராணியாகவே அந்தத் தப்பை ஒரு தாளில் தேதியோடு எழுதி, திங்கட்கிழமை யோகேந்திரன் மேசையில் வைத்தாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, மூன்று கட்டம் போட்ட படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அன்றைக்கும் மழையா என்று கேட்டார்.